கிஸ் என்றால் பூனை

நான் ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்தவன். எத்தனை வருடம் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. ஒன்றரை வருடம்தான் என்று நானும் சொல்லவில்லை.

ராஜபாளையத்துக்கு வெளியே, குட்டி வெள்ளரிக்காயை வினிகரில் ஊறப்போட்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனி என் தாய்மாமாவுடையது. திரும்பி வந்த என்னை மொழிபெயர்ப்பாளராகச் சேர்த்துக்கொண்டார். முதல் வேலை, சரக்கைப் பார்க்க வந்த ஒரு ஸ்லோவேனியாக்காரர். அவர் ஆர்டர் தந்தால்தான் பக்கத்துத் தேவதானத்தில் பறித்துவைத்திருந்த அம்புட்டுக் காய்க்கும் வழி பிறக்கும்.

"அவிய பாஷை ஒனக்குத் தெரியுமாலே?"

"ரஷ்யனும் அதுவும் ஒரே குடும்பம் மாமா. நம்ம தமிழுக்கும் மதுரைத் தமிழுக்கும் உள்ள வித்தியாசந்தான்."

காலை முழுக்க விருந்தாளியே அரைகுறை இங்கிலீஷில் சமாளித்தார். (என் மானமும் தப்பித்தது.) பீப்பாய்கள் அடுக்கிய கொட்டகைக்குள் நுழைந்ததும் மனிதர் கையை உதறித் துள்ளினார். வலியில் இங்கிலீஷ் மறந்துவிட்டது போலும். வீங்கிய விரலைக் காட்டினார், பீப்பாய்களைக் காட்டினார். "கிஸ், கிஸ்" என்றார்.

"என்ன சொல்லுதாருலே?" மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

ரஷ்யாவில் நான் தங்கிய வீட்டுக்காரம்மா தினமும் "கிஸ் கிஸ்" என்றுதான் பூனையைக் கூப்பிடுவார். "பூனை கடிச்சிருச்சாம் மாமா. பீப்பாய்க்குப் பின்னால நிக்காம்."

வெறிபிடித்த பூனையா என்று பார்த்தாக வேண்டும் என, முடிக்காத படிப்பின் முழுத் தெளிவோடு ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். என் கெட்ட நேரம், அங்கே உண்மையிலேயே ஒரு பூனை இருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு போட்டுவிட்டு ஓடிப்போனது.

ரத்தத்தோடு வெளியே வந்தால், பீப்பாய் கழுவும் பாண்டியம்மா அக்கா வினிகரில் நனைத்த துணியை விருந்தாளியின் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"குளவில்லா கொட்டியிருக்கு தம்பி. மனுசன் கடுப்புக்கு வினிகர் கேக்காரு."

விருந்தாளி கண்ணை மூடி, நிம்மதியாக, "கிஸ்" என்றார்.

ஆர்டர் கிடைத்தது. வெறிநோய்க்கான ஊசி மட்டும் எனக்கு.

நடந்ததைக் கேட்டு வெகுநேரம் சிரித்த அவர், கிளம்பும்போது ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார்: ஸ்லோவேனியாவில் கிஸ், போலந்தில் ஓட்செட், செர்பியாவில் சிர்ச்சே, ரஷ்யாவில் உக்ஸுஸ். எல்லாமே வினிகர்தான். (ரஷ்ய வார்த்தையும் எனக்கு அன்றுதான் தெரியும்.) மாமா அதைத் தமிழில் பெரிதாக எழுதவைத்துக் கொட்டகைச் சுவரில் மாட்டினார். கல்யாணத்துக்கு முன் என்னைப் பார்க்க வந்த பெண்வீட்டார்கூட நின்று படித்தார்கள். கடைசி வரி மட்டும் மாமா தன் கையால் சேர்த்தது:

"இதில் எதுவும் பூனை இல்லை."