சாக்பீஸ் பேசிய ஆறு நாட்கள்

பேராசிரியர்கள் வரிசையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். காலை ஏழரை மணி. கல்லூரி அரங்கத்தின் வாசலில் தொடங்கிய வரிசை, சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி, கேன்டீனை ஒரு சுற்று சுற்றி, கழிப்பறைப் பக்கம் போய் முடிந்தது. நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். பொட்டலத்துக்குள் எழுதித் தேய்ந்த சாக்பீஸ் துண்டு.

எதற்கு? குறி கேட்க.

நோட்டீஸில் அப்படிப் போடவில்லை. 'கல்லூரி ஆசிரியர்களுக்கான ஆறு நாள் கற்பித்தல் மேம்பாட்டுப் பயிற்சி' என்றுதான் போட்டிருந்தது. வந்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் பதவி உயர்வு. அதனால் வழக்கமாக வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்குவார்கள். இந்தத் தடவை ஒருவர்கூடத் தூங்கவில்லை. ஏனென்றால் பயிற்சி கொடுக்க வந்தவர் சாக்பீஸ் மகான்.

மேலே கோட்டு, கீழே வெறுங்கால். இங்கிலீஷில் ஆரம்பித்து மௌனத்தில் முடிக்கிற பேச்சு. அவருடைய கண்டுபிடிப்பு இதுதான்: ஆசிரியர் வகுப்பில் செய்கிற தப்பையெல்லாம் அவர் கையில் இருக்கும் சாக்பீஸ் உறிஞ்சிக்கொள்ளும். அதை நெற்றியில் வைத்தால் அது பேசும். மகானுக்கு மட்டும் கேட்கும். ஒரு சாக்பீஸின் ஆயுளே இரண்டு வகுப்புதான், அது எப்படி இருபது வருட சரித்திரம் பேசும் என்று யாரும் கேட்கவில்லை. ஆய்வுக் கட்டுரைக்கு அடிக்குறிப்பே நாலு பக்கம் எழுதுகிறவர்கள். இந்த மாதிரிச் சின்ன சந்தேகத்துக்கெல்லாம் அவர்களுக்கு நேரம் ஏது?

விதிமுறைகள் உண்டு. பொட்டலத்தின் மேல் பெயர், துறை, பாடம் மூன்றும் தெளிவாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வு தடுமாறும். இன்று கொடுத்தால் நாளைதான் பலன். நடுவில் ஓர் இரவு பொட்டலம் மகானின் தலைமாட்டில் இருக்க வேண்டும். பிரிக்கக் கூடாது. பிரித்தால் சக்தி போய்விடும்.

முதல் பலன் இயற்பியல்காரருக்கு. பதினெட்டு வருட சர்வீஸ். மகான் பொட்டலத்தை நெற்றியில் ஒட்டிக் கண்ணை மூடினார்.

"ஒரு முதுகு தெரியுது," என்றார்.

அரங்கத்தில் ஒவ்வொருவரும் முன்னால் இருந்தவரின் முதுகைப் பார்த்தார்கள்.

"வகுப்பு பூரா இந்த முதுகுதான் தெரியுது. நீங்க போர்டுக்குப் பாடம் நடத்துறீங்க ஐயா. பிள்ளைங்களுக்கு இல்ல."

இயற்பியல்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தில் நாற்காலி இல்லை. தூக்கி நிறுத்தினோம். "எப்படிய்யா இவருக்குத் தெரிஞ்சுது? என் பொண்டாட்டிக்கே தெரியாதே," என்று அவர் அழுத அழுகையில் முன்வரிசையே கலங்கியது. பயிற்சி காலையில், வகுப்பு மதியம். அன்று மதியமே மனிதர் வகுப்பில் திரும்பி நின்றார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக மாணவர்களின் முகத்தைப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு இருப்பதே அன்றுதான் தெரிந்ததாம். அதில் ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்களாம்.

அவ்வளவுதான். சேதி பரவியது. அக்கம்பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு கேட்டார்கள். சூடான சாக்பீஸ், குளிர்ந்த சாக்பீஸ் என்று மகான் ஆசிரியர்களை இரண்டாகப் பிரித்தார். குளிர்ந்தவர்களுக்குப் பரிகாரமும் வைத்திருந்தார். அவர் கைபட்ட சாக்பீஸ் பெட்டி. விலை, கடையில் விற்பதைப் போல நாற்பது மடங்கு. பேராசிரியர்கள் இரண்டு இரண்டு பெட்டியாக வாங்கினார்கள், வீட்டுக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று. வீட்டில் எதில் எழுதுவார்களோ.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முதல்வருக்குப் பக்தி முற்றிவிட்டது. மூன்றாம் நாள் மைக்கைப் பிடித்தார். "சாக்பீஸ் குளிர்ந்தவங்களுக்கு இனிமே வகுப்பு கிடையாது. நூலகத்துல புத்தகம் எண்ணட்டும். தற்காலிக ஆசிரியரா இருந்தா ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டோம்," என்றார். அன்றே நாலு பேர் நூலகத்துக்குப் போனார்கள்.

கல்லூரியில் ஒரே ஒரு தற்காலிக ஆசிரியைதான் இருந்தாள். புள்ளியியல் பெண். இந்தப் பருவம்தான் சேர்ந்தவள். அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'டெம்பரரி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. அவளுடைய முறை ஆறாம் நாள், சனிக்கிழமை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் அப்பா போன் செய்தார்.

"என்னம்மா, ஆர்டர் வந்துச்சா?"

"இந்த வாரம் தெரிஞ்சுடும்பா."

"எதை வெச்சு முடிவு பண்றாங்க?"

"சாக்பீஸை வெச்சுப்பா."

"சிக்னல் சரியில்ல போல. திரும்பச் சொல்லும்மா," என்றார்.

திரும்பச் சொன்னாள். அப்பா போனைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

நாலாம் நாள் மகான் வணிகவியல் மேடத்துக்குப் பலன் சொன்னார். மேடம் ஒரு வகுப்பில் நூற்று நாற்பத்திரண்டு தடவை 'புரியுதா' என்று கேட்கிறாராம். ஓய்வறைக்கு வந்தும் மேடத்துக்குப் படபடப்பு அடங்கவில்லை.

"நூத்தி நாப்பத்தி ரெண்டு. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. புல்லரிச்சுப் போச்சும்மா எனக்கு."

"எண்ணுனது யாரு, அக்கா?" என்றாள் டெம்பரரி.

"சாக்பீஸ் எண்ணியிருக்கு."

"அதுக்கு எத்தனை விரலு?"

"உனக்கு எல்லாத்துலயும் நக்கல். சனிக்கிழமை உன் பொட்டலம் வருதுல்ல, அப்பப் பேசு."

அவள் நக்கலுக்குக் கேட்கவில்லை. படிக்கிற காலத்தில் அவளே அந்த மாதிரி எண்ணியிருக்கிறாள். கடைசி பெஞ்சு, நோட்டின் ஓரம், நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். ஆசிரியர் சொல்லும் 'புரியுதா'வை உலகத்தில் ஒரே ஒரு ஜீவன்தான் எண்ணும்: பாடம் புரியாத மாணவன். அப்படியானால் அந்த எண் மாணவனிடமிருந்து மகானுக்கு எப்படிப் போயிற்று?

நேராக அலுவலகத்துக்குப் போனாள். பருவக் கடைசியில் ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு ஆசிரியரைப் பற்றியும் கருத்துப் படிவம் நிரப்பித் தர வேண்டும். மாணவர் பெயர் போட வேண்டியதில்லை. பதினோரு வருடமாக நடக்கிறது.

"சார், அந்தக் கருத்துப் படிவமெல்லாம் எங்கே இருக்கு?" என்று கண்காணிப்பாளரிடம் கேட்டாள்.

"ரெக்கார்டு ரூம்ல கட்டிப் போட்டிருக்கு. ஏன்மா?"

"யாராவது படிப்பாங்களா?"

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "படிக்கிறதா? வாங்கறது நம்ம வேலை. கட்டறது நம்ம வேலை. படிக்கணும்னு எந்த உத்தரவும் வரலியே."

"அந்த ரூமைக் கொஞ்சம் பார்க்கலாமா சார்?"

"இப்ப முடியாது. அங்கதான் மகான் தியானம் பண்றார். விருந்தினர் மாளிகைல ஏசி ரூம் போட்டு வெச்சிருந்தோம். வேண்டாம்னுட்டார். தூசியும் ஒட்டடையுமா இருக்கற அந்த ரூம்தான் வேணுமாம். என்ன ஒரு எளிமை பாரு."

டெம்பரரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "இந்தப் பருவத்துப் படிவம் வெள்ளிக்கிழமை வாங்குவீங்கல்ல, அதை எங்கே வெப்பீங்க?"

"அவரே சொல்லிட்டாரு, வாசல்ல வெச்சுடுங்க, நான் எடுத்து உள்ள வெச்சுக்கறேன்னு. பெரிய மனசு."

கவனியுங்கள். லஞ்சம் இல்லை, ஒற்றர் இல்லை, மாயக் கண்ணாடி இல்லை. ஒரு கல்லூரியே பதினோரு வருடம் படிக்காமல் போட்ட காகிதத்தை ஓர் ஆள் படித்தார். அதற்குப் பெயர் அற்புதமாம்.

வெள்ளிக்கிழமை அவள் வகுப்பில் அறுபது பேர். கையில் படிவம்.

"இன்னிக்கு ஒரு சோதனை பண்ணப்போறோம்," என்றாள். "நான் வகுப்புல சத்தமா பாட்டு பாடறேன்னு எழுதுங்க. நாய்க் கதை சொல்றேன்னு எழுதுங்க. கணக்கு போடறப்ப இடது காலை மட்டும் ஆட்டறேன்னு எழுதுங்க."

"மேடம், நீங்க அதெல்லாம் பண்றதே இல்லையே."

"அதனாலதான்."

அறுபது பேருக்கும் வாழ்க்கையில் முதல் தடவையாகப் படிவம் நிரப்புவதில் ஆர்வம் வந்தது.

சனிக்கிழமை அரங்கத்தில் நிற்க இடமில்லை. டெம்பரரி மேடையேறி முதல்வரிடம் ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்தாள்.

"ராஜினாமாவா?" என்றார் முதல்வர், கொஞ்சம் ஆசையாக.

"அவர் சொல்லி முடிச்சப்புறம் பிரிங்க சார்."

மகான் அவள் பொட்டலத்தை நெற்றியில் வைத்தார். உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது.

"பாட்டு கேக்குது," என்றார். "பாடத்துக்கு நடுவுல பாட்டு. ஒரு காலு ஆடுது. இடது காலு."

கூட்டம் அவளுடைய இடது காலைப் பார்த்தது. அது சும்மாதான் இருந்தது.

"ஒரு நாய் வருது. அதுக்கு..." மகான் தயங்கினார். "மூணு காலு."

"நான் அப்பவே நெனச்சேன்," என்றார் வணிகவியல் மேடம் பக்கத்தில் இருந்தவரிடம். "பாடற மூஞ்சிதான் அது."

"சில்லுனு இருக்கு," என்று மகான் முடித்தார். "இவ்வளவு குளுந்த சாக்பீஸை நான் தொட்டதே இல்ல."

முதல்வர் பட்டியலில் அவள் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

"சார், கவரு," என்றாள்.

முதல்வர் பிரித்து மைக்கில் படித்தார். "'நான் பாடுகிறேன், நாய்க் கதை சொல்கிறேன், இடது காலை ஆட்டுகிறேன் என்று இவர் சொல்வார். மூன்றும் பொய். வெள்ளிக்கிழமை என் மாணவர்களைக் கருத்துப் படிவத்தின் முன்பக்கத்தில் அப்படி எழுதச் சொன்னேன். உண்மையைப் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். அதையும் படியுங்கள்.'" நிறுத்தினார். "நாய்க்கு மூணு காலுன்னு இதுல இல்லையே?"

"அது பசங்களா சேத்தது சார்."

மகான் அசரவில்லை. "பொய்யும் சாக்பீஸ்ல ஏறும்," என்றார். நம்புங்கள், அதற்கும் முன்வரிசையில் ஐந்தாறு தலைகள் ஆடின.

"சரி, பொட்டலத்தைப் பிரிங்க," என்றாள்.

"பிரிச்சா சக்தி போயிடும்."

"போகட்டும். நான்தான் ஏற்கெனவே ஐஸாச்சே."

இயற்பியல்காரர் எழுந்து போய் வாங்கிப் பிரித்தார். உள்ளே ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"அதான் சில்லுனு இருந்திருக்கு," என்றார்.

அதற்குப் பிறகு அரங்கத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. கண்காணிப்பாளர் சாவியோடு ஓடினார். தியான அறையில் பாய் ஒன்று, டார்ச் ஒன்று, சுற்றிலும் துறைவாரியாகப் பிரித்து அடுக்கிய படிவக் கட்டுகள். எல்லாவற்றையும் மேடையில் கொண்டுவந்து கொட்டினார்கள். நூலகத்துக்குப் போன நாலு பேரின் கட்டைப் புரட்டினால் 'நல்லா நடத்துறார்' என்றுதான் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அந்த நாலு பேரும் மகானிடம் சாக்பீஸ் பெட்டி வாங்காதவர்கள்.

மகான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஒன்று கேட்டார். "நான் படிச்சேன். நீங்க யாராவது படிச்சீங்களா?"

முதல்வர் கண்காணிப்பாளரைப் பார்த்தார், கண்காணிப்பாளர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"படிச்சதைப் படிச்சேன்னு சொல்லியிருந்தா உங்களுக்கு மாலை போட்டிருப்பேன்," என்றாள் டெம்பரரி. "நெத்தியில ஒட்டில்ல வித்தீங்க. நாலு பேரு பொழப்பைக் கெடுத்துட்டு நியாயம் பேசாதீங்க."

பெட்டி வாங்கியவர்கள் பெட்டியோடு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். காசு திரும்பி வந்தபிறகுதான் வழி விட்டார்கள்.

இயற்பியல்காரர் மட்டும் அதில் சேரவில்லை. தன் கட்டை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். "பதினோரு வருஷமாவா இதையே எழுதியிருக்காங்க?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு வருஷமும், சார்," என்றார் கண்காணிப்பாளர். அவரும் அப்போதுதான் படித்தார்.

முதல்வர் டெம்பரரியின் கட்டை எடுத்து முதல் படிவத்தைத் திருப்பினார். அவர் சர்வீஸில் படித்த முதல் கருத்துப் படிவம் அதுதான். 'மேடம் வேகமாகப் போகிறார். நிறுத்திக் கேட்டால் திரும்பச் சொல்கிறார். எத்தனை தடவை கேட்டாலும் அலுத்துக்கொள்வதில்லை.' அடுத்தது. அதற்கடுத்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அறுபதையும் படித்தார்.

"ரொம்ப வேகமா போறியாமேம்மா?"

"ஆமா சார். அறுபதுல நாப்பத்தோரு பேரு சொல்லியிருக்காங்க. கட்டிக் கொடுக்கறதுக்கு முன்னாடியே எண்ணிட்டேன். திங்கக்கிழமையிலேர்ந்து குறைச்சுக்கறேன்."

முதல்வர் புதுப்பிப்பு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். 'காரணம்' என்ற கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'மாணவர்கள் சொன்னார்கள்' என்று எழுதினார். நாலு பேருக்கும் வகுப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கையோடு இன்னொரு தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த வருஷப் பயிற்சிக்கு யாரைக் கூப்பிடலாம்?" என்று போகிற போக்கில் கேட்டார்.

"யாரையும் வேணாம் சார். ஆறு நாள் உக்காந்து இந்தக் கட்டைப் படிப்போம்."

இப்போது உங்களைக் கேட்கிறேன். எதிரே அறுபது பேர் வாயும் பேச்சுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன குறை என்று கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள். அவர்களை விட்டுவிட்டுச் சுண்ணாம்புத் துண்டிடம் போய்க் கைகட்டி நின்றவர்களுக்கு இன்னும் என்ன பட்டம் கொடுப்பது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யோசித்தால் போதும், அதற்கெல்லாம் சான்றிதழ் தர மாட்டார்கள்.