மாமாவின் எடையும் என் புது ஷூவும்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இருந்தாலும் எண்களைச் சத்தமாகப் படிப்பதில் என்னை முந்த ஆள் கிடையாது. (வினையே அதில்தான்.)

திருப்பூர், சூரத், போர்வெல் லாரி என்று சுற்றிவிட்டு வடக்குத்து கிராமத்தில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். அக்காவின் கணவர் சூசை மாமாவுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. எனக்கோ நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்து, புது சேஃப்டி ஷூ வந்திருந்தது. அதை மாட்டிக்கொண்டே மாமாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே நோயாளிகளே எடை பார்த்துச் சொல்லும்படி சிஸ்டர் பழக்கியிருந்தார். போன தடவைக்குப் பிறகு கூடியிருக்கும் எடைதான் உடம்பில் தேங்கிய தண்ணீர். அந்த அளவைத்தான் டயாலிசிஸ் மெஷின் எடுக்கும். மாமா கண்ணாடியைத் துடைத்து, குனிந்து, நிதானமாகப் பார்ப்பார். எனக்கு அந்தப் பொறுமை ஏது?

செருப்பை வார்டுக்கு வெளியே விட வேண்டும். புது ஷூவை யாராவது கிளப்பிவிட்டால்? துணிப்பையில் போட்டு உள்ளே கொண்டுபோனேன். மாமா எடை மெஷினில் ஏறியதும் பையை அவர் கையில் திணித்துவிட்டு நானே குனிந்தேன்.

"மாப்ள, பையப் புடிச்சிக்கினு நிக்கறேன்டா."

"ஆடாம நில்லுங்க மாமா, நம்பர் ஓடுது."

வார்டுக்கே கேட்கும்படி எடையை அறிவித்தேன். சிஸ்டரின் முகம் மாறியது.

"இவ்ளோ ஏறியிருக்கே. தண்ணி குடிச்சீங்களா?"

"அளந்துதாம்மா குடிச்சேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க."

நானாவது வாயை மூடியிருக்கலாம். "பொய் சொல்லாதீங்க மாமா, உங்க ஒடம்புக்குத்தான் கேடு" என்றேன். நாக்கு வறண்டு, ஒரு துண்டு ஐஸைச் சப்பியே நாளைத் தள்ளிய மனிதரிடம்.

டயாலிசிஸ் பாதியில் அவருடைய கெண்டைக்கால்கள் இரண்டும் இழுத்துக்கொண்டன. பிரஷர் இறங்கி, வியர்த்துக் கொட்டி, கண் செருகியது. சிஸ்டர் ஓடிவந்து தண்ணீர் எடுப்பதை நிறுத்தினார். கால்மாட்டை உயர்த்தி சலைன் ஏற்றினார். அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண் திறந்ததும் மாமா மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பையையும் சேத்து எட போட்டுட்டான், சிஸ்டர்."

சிஸ்டர் பையைத் திறந்தார். ஷூவைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அவர் சொன்னத நானும் நம்பல" என்று மட்டும் சொன்னார்.

இப்போதெல்லாம் மாமா எடை மெஷினில் ஏறியதும் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவார். புதிதாக வரும் நோயாளிகள் அதுதான் ஆஸ்பத்திரி விதி என்று நினைத்து, தாங்களும் தூக்குகிறார்கள். நான் உள்ளே போவதில்லை. வாசலில் எல்லோருடைய செருப்புக்கும் காவல். தன் எடையைத் தானே படித்துச் சொல்லிவிட்டு, மாமா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்:

"மாப்ள, ஷூ பத்திரமா கீதாடா?"