மிளகாய் பறிக்காத ஆகஸ்ட்

இந்த ஆண்டு மிளகாய் பறிக்கப் போவதில்லை என்று ஜூலை இருபதாம் தேதி முடிவு செய்தேன். கோடை விடுமுறைக்காகப் பள்ளிக்கூடம் மூடிய அன்று, கடைசி மணி அடித்த கையோடு எடுத்த முடிவு. யாரிடமும் சொல்லவில்லை. துணிச்சலான முடிவுகளை நான் யாரிடமும் சொல்வதில்லை.

என் மாமனாருக்கு, கொரியாவிலேயே காரத்துக்குப் பேர்போன யங்யாங்கில் மிளகாய்த் தோட்டம். ஆகஸ்ட் தொடக்கத்தில் முதல் பறிப்பு. எனக்கு விடுமுறை நான்கு வாரம். முதல் இரண்டு வாரம் பகலில் சிறப்பு வகுப்பு எடுக்க வேண்டும். கடைசி வாரம் அடுத்த பருவத்துக்கான வேலை. நடுவில் மிஞ்சுவது ஒரே வாரம். அந்த வாரத்தில்தான் மிளகாய் பழுக்கும். இதைத் திட்டம் போட்டுச் செய்வது கல்வித் துறையா, மாமனாரா என்று பதினைந்து வருடமாக யோசிக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் மிளகாய் பறிப்பவர்கள் பின்பக்கத்தில் ஓர் உருண்டை மெத்தையை வார் போட்டு மாட்டிக்கொள்வார்கள். உட்கார்ந்தால் ஆசனம், எழுந்தால் வால். முப்பத்தைந்து டிகிரி வெயிலில் அந்த வாலோடு நான் நடப்பதை என் மாணவர்கள் யாரும் இதுவரை பார்த்ததில்லை. ஆண்டோங் நகரத்துப் பள்ளி ஒன்றில் நான் இன்னும் மரியாதையோடு புவியியல் நடத்துவதற்கு அதுதான் காரணம்.

இந்த ஆண்டு வேறொரு வழி திறந்தது. எங்கள் அறிவியல் ஆசிரியர் தோ, ஆண்டோங் ஏரியில் மிதக்கும் மீன்பிடிக் குடில் ஒன்றை அதே வாரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை பிடித்து வைத்திருந்தார். இரண்டு தூண்டில், இரண்டு படுக்கை. கைப்பேசி எடுக்காது.

"சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க பியோ சார். சங்கீத வாத்தியார் வேற கேட்டுக்கிட்டே இருக்காரு."

ஒரே ஒரு தடைதான் இருந்தது. அதற்கு மிரான் என்று பெயர். என் மனைவி. கண்ணாடிக் கடையில் வேலை. ஊரில் பாதிப் பேருடைய பார்வையைச் சரிசெய்தவள்.

அவளை வெல்ல ஓர் ஆயுதமும் தானாக வந்து சேர்ந்தது. விடுமுறைதோறும் ஆசிரியர்கள் இணையத்தில் ஒரு பயிற்சி முடிக்க வேண்டும். இந்த முறை எனக்கு வாய்த்தது 'மூளை எப்படிக் கற்கிறது', முப்பது மணி நேரம். பேராசிரியர் ஒருவர் திரையில் பேசுவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'அடுத்து' என்று ஒரு பொத்தான் வரும். அமுக்காவிட்டால் பாடம் அப்படியே நின்று காத்திருக்கும். வகுப்பில் எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

முதல் மூன்று மணி நேரம் உண்மையாகவே கேட்டேன். சாரம் இதுதான். மூளைக்குக் கட்டளை பிடிக்காது. 'செய்' என்றால் முரண்டு பிடிக்கும். 'இதுவா, அதுவா, நீயே சொல்' என்று விட்டால் தானே முடிவெடுத்ததாக நினைத்து மகிழ்ந்து போகும். நாம் செய்ய வேண்டியது, இரண்டுமே நமக்குச் சாதகமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

குறிப்பேட்டை மூடினேன். ஒரு குடும்பத்தை நடத்த இதற்கு மேல் அறிவு தேவையில்லை. மீதி இருபத்தேழு மணி நேரத்தை மனைவியிடம் ஒப்படைக்கலாம் என்று பட்டது.

"மிரான், பூண்டு உரிக்கிறப்ப நீ சும்மாதானே இருக்கே?"

"பூண்டு உரிக்கிறப்ப பூண்டு உரிச்சுக்கிட்டு இருக்கேங்க."

"கண்ணு சும்மா இருக்குல்ல. இந்தப் பொத்தான் வந்தா ஒரு அமுக்கு. அவ்வளவுதான்."

"உங்க பயிற்சியை நான் எடுக்கணுமாக்கும்?"

"நீ எடுக்க வேணாம். எடுக்குறது நான். நீ அமுக்கினா போதும்."

"சத்தம் வெச்சுக்கவா, நிறுத்திடவா?"

"அது உன் இஷ்டம்."

பெருமையாக இருந்தது. இரண்டில் ஒன்றை அவளிடமே விட்டேன், சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டாள். மூன்று மணி நேரப் படிப்புக்கு நல்ல பலன்.

அதன்பின் தினமும் சாயங்காலம் அவள் பூண்டோடு கணினி முன் உட்கார்ந்தாள். எங்கள் மகள் சோதாம், பதினாலு வயது, பக்கத்தில் தர்ப்பூசணி தின்றாள். நான் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வந்தேன். குடும்பம் ஒன்றாக நேரம் கழிக்க வேண்டும் என்று பேராசிரியரே சொல்லியிருந்தார். என்னைத் தவிர எல்லோரும் கழித்தார்கள்.

ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது திரையிலிருந்து குரல் கேட்டது: "கையில் இருப்பதை இழக்கப் போகிறோம் என்று தெரிந்தால், மூளைக்கு அதன் மதிப்பு இரண்டு மடங்காகத் தெரியும்." மிரான் பூண்டை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தானுக்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் பாராட்டு என்ற முறையையும் சோதித்துப் பார்த்தேன்.

"இன்னைக்குக் குழம்பு பிரமாதம், மிரான்."

"என்ன உடைச்சீங்க?"

அந்த முறையைக் கைவிட்டேன்.

வியாழக்கிழமை நேரடியாகக் களத்தில் இறங்கினேன். அவள் அடுப்படியில் அடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"மிரான், தோ சார் அடுத்த வாரம் ஏரிக்குக் கூப்பிடறாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலமே கிளம்பட்டுமா, திங்கக்கிழமை காலையில போகட்டுமா?"

அவள் அடையைத் திருப்பிப் போட்டாள்.

"திங்கக்கிழமை காலையில போங்க. ஞாயித்துக்கிழமை ரோடெல்லாம் கூட்டமா இருக்கும்."

நான் பதினான்கு பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். பதினான்கும் வாயிலேயே நின்றன.

"போலாங்கிறியா?"

"போங்களேன். வருஷம் பூரா கத்திக் கத்தி பாடம் நடத்துறீங்க. அஞ்சு நாள் தண்ணியைப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டு வாங்க."

"அப்ப மிளகாய்?"

"அது கிடக்குது."

கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே சோதாம் சொன்னாள்: "அப்பா, அம்மா ஒரே தடவையில சரின்னு சொன்னா நான்லாம் பயந்துடுவேன்."

"உனக்கு மூளையைப் பத்தித் தெரியாதும்மா."

"எனக்கு அம்மாவைப் பத்தித் தெரியும்."

சின்னப் பெண். விட்டுவிட்டேன். தூண்டில் முள் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிரான் பால்கனியில் துணி மடித்தபடி கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாப்பா... இல்லப்பா, இந்தத் தடவை இவர் வரல... சரிப்பா, முதல் வரிசையை யோமுக்கே குடுத்துடுங்க."

யோம் என் சகலை. மிரானின் தங்கை கணவன். தேகு நகரத்தில் வேலை. தினமும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவன், அதை நமக்கும் தினமும் சொல்கிறவன். முதல் வரிசை என்பது தோட்டத்தில் சாலையோரமாக இருக்கும் வரிசை. காய் பெரிதாக இருக்கும். ஊரில் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். அது மூத்த மாப்பிள்ளையின் வரிசை. பதினைந்து ஆண்டுகள் அதில்தான் என் இடுப்பு ஒடிந்தது. இருந்தாலும் ஒடிந்தது என் வரிசையில்.

"யோமுக்கா?" என்றேன்.

"நீங்கதான் ஏரிக்குப் போறீங்களே."

"பழுத்தது எது, பழுக்காதது எதுன்னு அவனுக்குத் தெரியுமா? ஒரு வருஷம் பாதிக்குப் பாதி பச்சையா பறிச்சு வெச்சானே!"

"இப்பல்லாம் நல்லாப் பறிக்கிறாராம். ஒரு நாளைக்குப் பதினாலு மூட்டை பறிப்பாருன்னு அப்பா சொல்றாரு."

"நான் எத்தனையாம்?"

"ஒம்போது."

"போன வருஷம் ஒம்போதே முக்கால்!"

"முக்கால் மூட்டைன்னு ஒண்ணு அப்பாவுக்குக் கிடையாதுங்க."

"வேற என்ன சொன்னாரு மாமா?"

"ஒண்ணுமில்ல, விடுங்க."

"பரவால்ல, சொல்லு."

"பெரிய மாப்ளைக்கு வயசாவுது, பாவம், ஓய்வு எடுக்கட்டும்னாரு."

எனக்கு வயது நாற்பத்தாறு. இதைச் சொன்னவருக்கு எழுபத்துநாலு.

அன்று ஆற்றங்கரை நடையில் மீனைப் பற்றி நினைக்கவே முடியவில்லை. ஏரியில் இருக்கும் மீன் இன்னும் என்னுடையது இல்லை. வரிசை என்னுடையது. அதில் யோம் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் காட்சி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஊர்க்காரர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

சனிக்கிழமை காலை மிரான் எனக்காகக் குளிர்பெட்டியில் கிம்ச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதை எடுத்து வெளிய வை. நான் தோட்டத்துக்கு வரேன்."

"வேணாங்க. வெயில் கொளுத்துது."

"வரேன்னு சொல்றேன்ல."

"தோ சார் கோவிச்சுக்குவாரு."

"அவருக்குச் சங்கீத வாத்தியார் இருக்காரு."

"யோமுக்குன்னு அப்பாகிட்ட சொல்லியாச்சே. இப்ப எந்த முகத்தோட மாத்திப் பேசுறது?"

"நீ சொன்னா மாமா கேப்பாரு. கொஞ்சம் கேட்டுப் பாரேன், மிரான். தயவுசெஞ்சு."

அவள் குளிர்பெட்டியின் மூடியைச் சாத்தினாள். பெருமூச்சு விட்டாள். ஒரு மனுஷனுக்காக எவ்வளவுதான் இறங்கிப் போவது என்பது போன்ற பெருமூச்சு.

"சரி, கேட்டுப் பாக்குறேன். நாளைக்கு மத்தியானமே வரீங்களா, சாயங்காலமா வரீங்களா?"

"மத்தியானம்," என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. நானே முடிவெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனார் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். சகலையின் வண்டியைக் காணவில்லை.

"யோம் எங்க?"

"ஜேஜு தீவுக்குப் போயிருக்காங்க," என்றாள் மிரான், பைகளை இறக்கியபடி.

"எப்ப வராங்க?"

"வெள்ளிக்கிழமை. போன மாசமே டிக்கெட் எடுத்தாச்சு."

"அன்னைக்கு ஃபோன்ல மாமாகிட்ட யோமுக்குக் குடுங்கன்னு சொன்னியே?"

மிரான் இன்னொரு பையை இறக்கினாள். சோதாம் சொன்னாள்: "அப்பா, அந்த ஃபோன்ல யாருமே இல்ல. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து யோசித்தேன். இழக்கப் போவதைக் காட்டியது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. எல்லாம் அந்தப் பயிற்சியில் இருந்தவை. அப்படியானால் அவளைப் படிக்க வைத்தது யார்? நான். பாடத்தைக் கொடுத்தவன் நான், கணினி என்னுடையது, பூண்டுக்கு நடுவில் அவளுக்கு உயர்கல்வி தந்தது நான். மாணவி ஆசிரியரை மிஞ்சிவிட்டாள் என்றால் அதில் பாதிப் பெருமை ஆசிரியருக்குத்தான். பயிற்சி அறிக்கையில் 'குடும்பத்தில் செயல்படுத்தினேன், முழு வெற்றி' என்று எழுதலாம். யார் மீது என்று எழுத வேண்டியதில்லை.

மனசு கொஞ்சம் நிமிர்ந்தது.

"மிரான், உண்மையைச் சொல்லிடு. இதெல்லாம் என் பயிற்சியைப் பாத்துக் கத்துக்கிட்டதுதானே?"

"ஆமாங்க," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நல்ல பெண். குருவை விட்டுக்கொடுக்கவில்லை.

அப்போது மாமனார் வெளியே வந்தார். வருடத்துக்கு ஐந்து வாக்கியம் பேசுகிறவர். கையில் ஒரு ஜோடி புது ரப்பர் பூட்ஸ். என் முன்னால் வைத்தார்.

"போன வருஷம் உன் பூட்ஸ் கிழிஞ்சு போச்சுல்ல, மாப்ள. நீ வருவேன்னு மிரான் அளவு சொன்னா. ஜூன் மாசச் சந்தையிலயே வாங்கி வெச்சுட்டேன்."

பயிற்சி தொடங்கியது ஜூலையில்.

வலது பாதத்தை உள்ளே விட்டுப் பார்த்தேன். அளவு கச்சிதமாக இருந்தது.