மூன்று வாசலுக்கும் சமதூரம்

இனி ஒரு நாள்கூடப் பொறுக்கிறதில்லை என்று யோகராசா முடிவெடுத்தது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மத்தியானம் ஒன்றரை மணிக்கு. முடிவெடுத்த இடம் குசினி யன்னல். காரணம் நண்டுக் கோது.

அவருடைய சாப்பாட்டுக் கோப்பையிலும் நண்டுக் கோது இருந்ததுதான். அதை விடுங்கள், நேற்றைய குழம்பு. நான் சொல்லுவது யன்னலுக்கு வெளியே குசினிச் சுவரோடு ஒட்டி நிற்கிற குப்பைத் தொட்டிகளில் நாறிக்கொண்டிருந்த கோது. நோர்வேயில், மோர்டென்ஸ்ருட் என்கிற இடத்தில் மலைச் சரிவின் கீழே வரிசையாய்க் கட்டின மூன்று வீடுகள். முதல் வீடு யோகராசாவுடையது. நடுவீடு மகேசனுடையது. கடைசி வீட்டில் ஷெல் என்கிற நோர்வேக்காரர். மூன்று வீட்டுக் குப்பையும் பன்னிரண்டு வருஷமாய் யோகராசாவின் சுவரோடுதான் குடியிருக்கிறது. பன்னிரண்டு வருஷமாய் யோகராசாவுக்கும் கோபம். அவர் பஸ் ஓட்டுகிறவர். காலையில் அவர் பஸ்ஸில் ஏறும்போது கோபமும் கூட ஏறும், டிக்கெற் எடுக்காமல்.

"உது மகேசன்ர வேலை," என்றார். "வெயில் எறிக்கிற நாளாப் பார்த்துத்தான் உவன் நண்டு வாங்குவான். நாங்கள் மணந்து சாகவேணும்."

மனைவி புஷ்பமலர் அவருடைய கோப்பையில் இன்னொரு அகப்பை குழம்பை விட்டாள். பகல் முழுக்கக் குழந்தைகள் காப்பகத்தில் இருபது பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு, எந்தப் பிள்ளை கத்தும்போது சும்மா இருக்க வேண்டும் என்று தெரியும்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். யோகராசாவுக்கும் தொட்டிக்கும் இருந்த உறவு மூக்கோடு சரி. குப்பையைக் கட்டிக் கொண்டுபோய்ப் போடுகிற உறவெல்லாம் புஷ்பமலருக்கு. போன மாசியில் அவள் உறைபனியில் சறுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் ஆறு கிழமை மாவுக்கட்டு. அந்த ஆறு கிழமையும் மகள் அபிஷா குப்பை சுமந்தாள். யோகராசா என்ன செய்தார் தெரியுமா? பத்து அடி தள்ளி இருக்கிற தொட்டிக்குப் போக ஒரு மனிசர் எப்படி விழலாம், கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடந்தது என்று விசாரித்தார். விசாரணையோடு சரி. புஷ்பமலர் அதை மறக்கவில்லை. மறக்கக்கூடிய ஆளுமில்லை அவள்.

அந்தக் கிழமைதான் குடியிருப்பு நிர்வாகசபை ஒரு கடிதம் போட்டிருந்தது. புதிதாய் ஒரு குப்பைக் கொட்டில் கட்டப் போகிறார்களாம். மூன்று வீட்டாரும் ஒரே இடத்தைச் சொல்லிக் கையெழுத்து வைத்தால் அங்கே கட்டுவார்களாம். ஒத்துவராவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டுமாம். ஷெல் எதைக் கேட்டாலும் 'கிரைட்', அதாவது சரி, என்று சொல்லிவிட்டுப் போகிற மனுசன். மகேசன்தான் சிக்கல். அவன் வாசலில் கொட்டில் போட அவனே எப்படிக் கையெழுத்து வைப்பான்?

இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு யோசிக்கும்போதுதான் கோப்பைக்குப் பக்கத்தில் அபிஷாவின் கேத்திரகணிதப் புத்தகம் விரிந்து கிடந்தது கண்ணில் பட்டது. அபிஷா பத்தாம் வகுப்பு. ஆனால் கணக்கு மட்டும் மேல்வகுப்புப் பாடம். அப்படிக் கெட்டிக்காரப் பிள்ளைகளாய்ப் பொறுக்கியெடுத்து ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் என்ன புத்தகம் என்று ஏசத்தான் யோகராசா வாயைத் திறந்தார். படத்தைப் பார்த்ததும் வாய் திறந்தபடியே நின்றது. ஒரு முக்கோணி. மூன்று மூலையையும் தொட்டுக்கொண்டு ஒரு வட்டம். வட்டத்துக்கு நடுவே ஒரு புள்ளி.

இதென்ன புள்ளி என்று கேட்டார். மூன்று மூலைக்கும் சமதூரத்தில் இருக்கிற புள்ளி என்றாள் அபிஷா. இரண்டு பக்கங்களின் நடுவிலும் செங்குத்தாய்க் கோடு கீறினால், அந்தக் கோடுகள் சந்திக்கிற இடம் அதுதான், எந்த முக்கோணிக்கும் அப்படி ஓர் இடம் கட்டாயம் இருக்கும் என்றும் சொன்னாள்.

யோகராசாவின் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. மூன்று மூலை, மூன்று வாசல். சமதூரம் என்றால் நீதி. நீதி என்றால் நோர்வேக்காரன் வாய் திறக்க மாட்டான். சமதூரத்தில் இருக்கிற இடம் நடு இடம். நடு வீடு ஆருடையது? மகேசனுடையது.

மகேசனின் வாசலில் கொட்டிலை வைத்தால் மகேசனுக்கு அது எப்படிச் சமதூரமாகும் என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. கோபத்தில் இருக்கிற மனுசனுக்கு அந்தக் கேள்வி வராது. வந்தாலும், உள்ளே வர விடமாட்டார்.

"நான் சபாரத்தினம் மாஸ்டரிட்டைக் கேத்திரகணிதம் படிச்சவன்," என்று எழும்பினார். "தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல். இண்டைக்கு நித்திரையில கேட்டாலும் சொல்லுவன்."

சொல்லுவார்தான். மாஸ்டரின் பிரம்பு அந்த நாலு தலைப்பையும் அவருடைய முதுகில் எழுதி வைத்திருந்தது. தலைப்புக்குக் கீழே என்ன வரவேண்டும் என்பது மட்டும் பிரம்புக்கு எட்டவில்லை.

நிர்வாகசபைக்கு எழுத நல்ல நோர்ஸ்க், அதாவது நோர்வே மொழி, வேண்டும். அது புஷ்பமலரிடம்தான் இருக்கிறது. யோகராசா வீட்டில் மனைவியை 'நீ' என்பார். காரியம் ஆக வேண்டுமென்றால் 'நீர்' வரும்.

"புஷ்பம், நீர் ஒருக்கா வடிவா எழுதித் தாரும். தரவு ஒண்டு: மூண்டு வாசலுக்கும் சமதூரமான இடத்தில கொட்டில் வரவேணும்."

"எழுதலாம்," என்றாள் புஷ்பமலர். "கொட்டில் அங்கால போனால் பேந்து எங்கட குப்பையை ஆர் கொண்டுபோறது?"

"நான் கொண்டுபோறன். ஒவ்வொரு நாளும் கொண்டுபோறன். மகேசன் தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்து, உவன்ர மூக்குக்கு நேரை கொண்டுபோய்ப் போடுறன்."

"அப்ப அதையும் தரவில போடட்டோ?"

"போடும். தரவு ரெண்டு எண்டு போடும். தரவை ஆரும் கேள்வி கேக்கேலாது."

அதோடு நிற்கவில்லை. படம் கீறின பிறகு மகேசன் நழுவிப் போகக் கூடாதே. இடம் எங்கே விழுந்தாலும் ஒருத்தரும் மறுக்க முடியாது என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். புஷ்பமலர் பேனையை நிறுத்தி, எங்கே விழுந்தாலுமா என்று கேட்டாள். எங்கே விழுந்தாலும் என்றார் யோகராசா, மேசையில் குத்தி. அவள் கொடுப்புக்குள் சிரித்ததை அவர் காணவில்லை.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மகேசன் வீட்டுக்குப் போனார். போகிற வழியிலேயே சண்டைக்கு வேண்டிய வசனமெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு போனார். மகேசன் மாட்டேன் என்றால் என்ன சொல்வது, கத்தினால் என்ன சொல்வது, கதவைச் சாத்தினால் என்ன சொல்வது. மகேசனோ அடுக்களைப் பக்கம் போய் மனைவி சிறிதேவியோடு இரண்டு நிமிஷம் குசுகுசுத்துவிட்டு வந்து கையெழுத்தை வைத்தான். சிறிதேவி தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் கொண்டுவந்தாள். சண்டைக்குப் போன மனுசனுக்குப் பணியாரம் கொடுத்தால் கோபம் எங்கே போகும்? திரும்ப வீட்டுக்குத்தான் வரும். ஷெல் கிரைட் என்றார்.

பிறகு படம். கணினியில் ஒரு நிமிஷத்தில் கீறித் தருகிறேன் என்றாள் அபிஷா. கண்டறியாத கணினி, தானாய்க் கீறின கோடும் ஒரு கோடோ என்று யோகராசா அவளுடைய கவராயத்தையும் அடிமட்டத்தையும் பறித்தார். முதலில் வெளியே போய் நாடா பிடித்து அளந்தார். வாசலுக்கு வாசல் பத்து மீற்றர். மகேசனின் வாசல் மட்டும் மற்ற இரண்டையும்விட அரை மீற்றர் உள்ளே தள்ளி இருந்தது. வீட்டைக் கட்டினது மகேசன் இல்லை. இருந்தாலும், கதவைக்கூட ஒரு நேருக்கு வைக்கத் தெரியாத சென்மம் என்று அவனுக்குத்தான் ஏச்சு.

ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்து மூன்று புள்ளி போட்டார். இரண்டு பக்கம் கீறினார். இரண்டுக்கும் நடுவில் செங்குத்துக் கோடு எழுப்பினார். கோடுகள் இரண்டும் பத்துச் சென்ரிமீற்றர் இடைவெளியில் புறப்பட்டன. புறப்பட்டதுதான். கிட்ட வருகிற எண்ணமே அதுகளுக்கு இல்லை. ரீ-பானா ரயில் தண்டவாளம் மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே மேலே மேலே போய்க் கடதாசி முடிந்துவிட்டது.

கவராயம் சீனாச் சாமான் என்றார். பென்சில் மொட்டை என்றார். இன்னொரு கடதாசியை ஒட்டினார். அதுவும் முடிந்தது. மேசையில் நேராய் நிற்கவில்லை என்று எல்லாவற்றையும் நிலத்தில் போட்டு, முழங்காலில் நின்று, ஏசி ஏசிக் கீறினார். அந்த முக்கோணி அவருக்கு என்ன துரோகம் செய்ததோ, மகேசனுக்குக்கூட அப்படி ஏச்சு விழுந்ததில்லை.

"அப்பா, மொத்தம் நாலு கடதாசி வேணும்," என்றாள் அபிஷா வாசல்படியில் நின்று. அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிற நிதானத்தில் யோகராசா இல்லை.

நாலாவது கடதாசியில், சப்பாத்துத் தட்டுக்கு முன்னால், கோடுகள் இரண்டும் ஒருவழியாய்ச் சந்தித்தன. யோகராசா அளந்தார். திரும்பவும் அளந்தார். ஒரு மீற்றர். அதாவது நிலத்தில் நூறு மீற்றர். சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்று பார்த்தார். முற்றத்தைக் கடந்து, பாதையைக் கடந்து, சரிவில் அறுபத்திரண்டு படி ஏறினால் வருகிற கார் தரிப்பிடத்தின் மூலை. மகேசனின் வாசல் எங்கே, இது எங்கே. மூன்று வாசலும் கிட்டத்தட்ட ஒரே நேரில் இருந்தால் அதுகளுக்குச் சமதூரமான இடம் ஊருக்கு வெளியே ஓடிவிடும் என்பதைச் சபாரத்தினம் மாஸ்டர் சொல்லித் தந்திருப்பார். யோகராசா அன்றைக்கு அடிக்குப் பயந்து தலைப்பு பாடமாக்கிக்கொண்டிருந்திருப்பார்.

வீட்டுக்குள் வந்து, இது பிழை என்று கத்தினார்.

"எது பிழை?" என்று கேட்டாள் புஷ்பமலர், அமைதியாக. "அமைப்போ, நிறுவலோ?"

அவர் நாலு கடதாசியையும் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு பிழையும் அகப்படவில்லை. வாழ்க்கையில் முதல்தரமாய்ச் சரியாய்ச் செய்த கேத்திரகணிதம்.

"தரவு ரெண்டு," என்றார் கடைசியில். "அதை வெட்டு. நூறு மீற்றர் ஆர் சுமக்கிறது?"

"தரவை ஆரும் கேள்வி கேக்கேலாது. நீங்கள்தானே சொன்னனீங்கள்." கடிதத்தை உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

நிர்வாகசபைக்கு ஒரே புளுகம், அப்படி ஒரு சந்தோசம். மாரியில் பனி கொட்டினால் குப்பை லொறி கீழே இறங்க முடியாமல் திண்டாடுவதால், அந்த மூலையைத்தான் எத்தனையோ காலமாய் நினைத்திருந்தார்களாம். முதல் வீட்டுக்காரர் கோபக்காரர், ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் வாய் திறக்காமல் இருந்தார்களாம். கூட்டம் வைத்தபோதெல்லாம் போய் இருந்துவிட்டு வந்தது புஷ்பமலர் என்பதால், இதெல்லாம் யோகராசாவுக்குப் புதினமாய் இருந்தது. புரட்டாதிக்குள் கொட்டில் எழும்பிவிட்டது.

தை மாதம். ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு யோகராசா இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு அறுபத்திரண்டு படியும் ஏறினார். ஒரு கையில் கடதாசிக் கழிவு, மற்றதில் பிளாஸ்ரிக். முழங்காலுக்குப் பனி. படிக்கு ஒரு ஏச்சு என்று வைத்துக்கொண்டாலும் அறுபத்திரண்டு ஏச்சு. நாற்பதாவது படியில் இடுப்பு நிமிராமல் நாரி பிடித்தது. பத்து அடியில் மனிசர் எப்படி விழலாம் என்று கேட்ட அதே வாய் இப்போது ஒவ்வொரு படிக்கும் முருகா என்றது.

கொட்டிலுக்கு அவர் வந்து சேர்ந்த அதே நிமிஷம் மகேசனும் வந்து சேர்ந்தான், இரண்டு பையோடு. அதே நிமிஷம் ஷெல்லும் வந்தார், மூன்று பையோடு. எல்லா வாசலுக்கும் சமதூரம் அல்லவா, பிந்துவதற்கோ முந்துவதற்கோ ஒருத்தருக்கும் வழியில்லை. மூன்று ஆம்பிளைகளும் மூச்சு வாங்கிக்கொண்டு ஆளை ஆள் பார்த்தார்கள். ஷெல்கூடக் கிரைட் என்று சொல்லவில்லை.

"உங்கட வீட்டிலயும் தரவு ரெண்டோ?" என்று கேட்டார் யோகராசா. பன்னிரண்டு வருஷத்தில் மகேசனிடம் அவர் ஏசாமல் கேட்ட முதல் கேள்வி அது.

"கையெழுத்து வைக்கமுதல் சிறிதேவி கேட்டவ, இனிக் குப்பை நீங்கள்தானே கொண்டுபோவியள் எண்டு," என்றான் மகேசன். "கொட்டில் எங்க போகப்போகுது, உங்கட சுவரடியிலதானே எண்டு நினைச்சு ஓமெண்டிட்டன், அண்ணை."

யோகராசா கடதாசித் தொட்டிக்குள் பையைக் கவிழ்த்தார். ஒரு கடதாசி மட்டும் காற்றில் கிளம்பி அவருடைய நெஞ்சில் வந்து ஒட்டியது. அபிஷாவின் பள்ளிக்கூட வேலை, கணினியில் கீறினது. மூன்று புள்ளி: எங்கட வாசல், மகேசன் மாமா வாசல், ஷெல் வாசல். பெரிய ஒரு வட்டம். அதன் மையம் கார் தரிப்பிடத்து மூலையில். திகதி ஏப்ரல் இருபது. ஆசிரியர் ஆறு போட்டிருந்தார். இந்த நாட்டில் ஆறுக்கு மேலே கிடையாது.

அடியில் பென்சிலால் புஷ்பமலரின் உருண்டைக் கையெழுத்து:

'பிள்ளை, கையால கீறினால் எத்தினை கடதாசி வேணும் எண்டு பார்த்து வை. சனிக்கிழமை நான் நண்டு வைக்கிறன். கோது ஞாயிறு மத்தியானம் நாறும். அப்பா யன்னலடியில் கத்தத் தொடங்க, புத்தகத்தை அவற்ற கோப்பைக்குப் பக்கத்தில விரிச்சு வை.'

அதன் கீழே அபிஷாவின் எழுத்தில் ஒரேயொரு இலக்கம். நாலு.

யோகராசாவுக்குத் தலையிலிருந்து கால்வரைக்கும் கொதித்தது. இவ்வளவு குளிரிலும் காது சூடாகிவிட்டது. இண்டைக்கு வீட்டுக்குப் போய் என்ன நடக்கப்போகுது பார் என்று கடதாசியைக் கசக்கிக் கையில் பிடித்தபடி திரும்பினபோது, சட்டைப் பைக்குள் கைப்பேசி அடித்தது.

"இஞ்சருங்கோ," என்றாள் புஷ்பமலர். "சாப்பாட்டுக் கழிவுப் பையை விட்டிட்டுப் போட்டியள். நண்டுக் கோது கிடக்கு. மணக்கமுதல் ஓடிவந்து கொண்டுபோங்கோ."