ஐந்து வள்ளங்களை மூழ்கடித்த கதை

பிள்ளைகளுக்குப் பாட்டுக் கட்டுகிறவர்கள் அதைப் பாடுவதற்கு முன் ஒருதரம் வெளியே எட்டி வானத்தைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

நான் கிளிவெட்டிக்காரி. வயலும் வரம்பும் தெரியும். கடலைத் தூர நின்று பார்த்தால் போதும் என்று வளர்ந்தவள். இருபத்துமூன்று வயதில் இறக்கக்கண்டி என்ற மீனவ ஊரில் ஒரு சிறிய முன்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தேன். வேலையை நிரந்தரமாக்க ஓர் உத்தியோகத்தர் அம்மா மேற்பார்வைக்கு வருவார், பருவத்துக்கேற்ற விரல் பாட்டு ஒன்று செய்து காட்ட வேண்டும் என்றார்கள். எல்லோரும் பாடுகிற மழைப்பாட்டு எனக்குப் போதவில்லை. (அப்போது தலைக்கனம் கொஞ்சம் கூட.) மாரி, கடல், கழித்தல் மூன்றையும் சேர்த்து நானே ஒன்று கட்டினேன்.

ஐந்து வள்ளம் கடலுக்குப் போச்சு,
வாடைக் காற்று ஊ என்று வீச்சு,
ஒன்று எங்கோ காணாமல் போச்சு,
மிச்சம் எத்தனை, சொல்லு பேச்சு?

(கடைசிச் சொல்லுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள்.) ஒவ்வொரு முறையும் வலக்கையில், பெருவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக மடக்க வேண்டும்.

அன்று காலை தகரக் கூரையில் மழை கொட்டியது. உத்தியோகத்தர் அம்மா பிள்ளைகளின் கதிரை ஒன்றில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தார். தாய்மார் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார்கள். என் பாட்டைக் கேட்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து, குரலை இன்னும் உயர்த்தினேன். விடியுமுன் கடலுக்குப் போன பிள்ளைகளின் தகப்பன்மார் திரும்பவில்லை என்பதும், அதன்பிறகுதான் காற்று எழும்பியது என்பதும் எனக்குத் தெரியாது.

முதல் வள்ளம் போனபோது பிள்ளைகளும் கூடவே ஊதினார்கள். இரண்டாவது போனபோது ஒருவரும் ஊதவில்லை. நாலு வயது சஃப்ரா எழுந்து வந்தாள்.

“டீச்சர், எங்கட வாப்பா எந்த விரல்?”

புத்தியுள்ளவள் அந்த இடத்தில் பாட்டை நிறுத்தியிருப்பாள். பிள்ளை ஆர்வமாகக் கேள்வி கேட்கிறாள், இதற்குத் தனியாகப் புள்ளி கிடைக்கும் என்று நான் பூரித்துப்போய், “நடுவிரல்” என்றேன். அடுத்து மடக்க வேண்டியது அதுதான். வாய் பாடிக்கொண்டே போனது, விரல் தன்பாட்டில் மடங்கியது.

சஃப்ரா என் வலக்கையைப் பிடித்து அந்த விரலை நிமிர்த்தப் பார்த்தாள். பிறகு பதினெட்டுப் பிள்ளைகளும் என் கையில் தொங்கினார்கள், கத்தினார்கள். உள்ளே எழுந்த அழுகையைக் கேட்ட தாய்மார் கரையிலிருந்து ஏதோ செய்தி வந்துவிட்டது என்று எண்ணி மழையில் கடலை நோக்கி ஓடினார்கள். செய்தி ஒன்றும் வரவில்லை என்று சொல்ல, சஃப்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். காற்றில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

பத்து மணியிலிருந்து வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சஃப்ராவின் வாப்பாவினுடையது பகல் திரும்பிய பிறகுதான் வந்தது. அதுவரை நான் கரையிலேயே நின்றேன். அவளுடைய உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்: “நீங்க பிழையாச் சொல்லல்ல டீச்சர். நாங்க அதச் சத்தமாச் சொல்றல்ல, அவ்வளவுதான்.”

உத்தியோகத்தர் அம்மா தன் அறிக்கையில் இரண்டு வரி எழுதியிருந்தார். பாட்டு பருவத்துக்குப் பொருத்தமானது. இனிமேல் பாட வேண்டாம். நிரந்தரம் ஒரு வருடம் பிந்தியது.

இப்போது என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. மாரியில் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் வாசலில் நின்று, “இண்டைக்குப் பாடிப்போடாதையும் என்ன” என்பார். எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவர் போன் எடுக்கும்வரை நான் வலக்கையால் ஒரு வேலையும் செய்வதில்லை என்பதை அவர்கள் இன்னும் கவனிக்கவில்லை.