மட்குக் குழியும் பால்கோவாக் காந்தலும்

ராஜபாளையம்,
பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை

அன்பு மருமகள் ஃபரீதாவுக்கு மாமா ஹமீது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மாமி அசீனாவும் நலம். சார்ஜாவில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க துஆ செய்கிறோம். இனி நான் சொல்லப்போவதை ராஜபாளையத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் காது கொடுக்கவே மாட்டார்கள். ஆனாலும் மேற்கு மலை சாட்சியாகச் சொல்கிறேன்.

உன் அத்தா வைத்த சப்பட்டை மாமரத்தை ரோட்டுக்காக வெட்டியபோது நீ எடுத்த ஒட்டுகளில் பிழைத்தது ஒன்றே ஒன்று. அதைப் பையோடு என்னிடம் ஒப்படைத்து, கொல்லையில் குழி வெட்டி, சருகும் சாணமும் காய்கறித் தோலும் நிரப்பி, "மாமா, இது மட்கணும். எது இலை, எது சாணின்னு அடையாளம் தெரியாம கறுப்பா, பொலபொலன்னு, புதுமழை வாசத்தோட ஆயிரும். நம்ம மண்ணு வெறும் சரளை, ஊத்துற தண்ணி நிக்காது. மட்கு சேந்தாத்தான் அம்புட்டுத் தண்ணியையும் புடிச்சு வச்சு இந்தக் கன்ன காப்பாத்தும். ரமலான் வரைக்கும் கிளறாதீங்க, சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். சும்மா இருப்பதா? நானா?

மறுநாளே தோண்டினேன். வாழைத்தோல் வாழைத்தோலாகவே இருந்தது. அதற்கடுத்த நாளும் அதே அகம்பாவத்தோடு இருந்தது. "இட்லி மாவு பொங்கிருச்சான்னு பத்து தடவ தொறந்து பாக்குற ஆளுகிட்ட மண்ண விட்டுட்டுப் போயிருக்கா பாருங்க" என்றாள் மாமி. இதற்கிடையே கன்றில் ஓர் இலை பழுத்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலுக்கு உறை மோர் உண்டென்றால் மண்ணுக்கும் ஓர் உறை வேண்டாமா என்று மூளையில் மின்னல் வெட்ட, பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பால்கோவா கிண்டும் நண்பர் சங்கரலிங்கத்திடம் சட்டி சுரண்டிய காந்தல் ஒரு வாளி கேட்டேன். "ஏ பாய், காந்தல வச்சு என்ன செய்யப் போறீரு?" "மண்ணுக்கு ஊட்டப் போறேன்." "மண்ணுக்கு ஊட்டுங்க, அப்படியே தலையிலயும் கொஞ்சம் தடவிக்கோங்க, அங்கயும் உறைய வேண்டியது கெடக்கு" என்றபடி வாளியை நிரப்பினார். திரும்பும் பஸ்ஸில் அந்த வாசத்துக்கு டிரைவர் நிறுத்தங்களை மறந்தார். இறங்க வேண்டியவர்களும் இறங்க மறுத்துவிட்டார்கள்.

குழியில் போட்ட செத்த நேரத்தில் எறும்பு வந்தது பார்! வரிசையின் தலை நம் கொல்லையில், வால் தளவாய்புரத்தில். நடுவே ஒரு கல்லூரிப் பஸ் வழிவிட்டு நின்றது. எறும்பைத் தேடிக் கோழி, கோழியைத் தேடி நாய், நாயைத் தேடி நாயின் சொந்தக்காரர், அவரைத் தேடி அவர் சம்சாரம். அத்தனை பேர் மிதித்ததில் குழி கொதித்து ஆவி விட்டது. பக்கத்து வீட்டு ராபர்ட் சுவரில் எட்டிப் பார்த்து, "பாய், உங்க குழி பெருமூச்சு விடுதே, டாக்டர கூப்புடவா?" என்றான். அவனே பொறவு அதில் முட்டை அவித்துத் தின்றுவிட்டு, உப்பு இல்லையென்று குறையும் சொன்னான். அன்றைக்குக் கன்றின் கடைசி இலையும் விழுந்தது. வெறும் குச்சியைப் பார்த்து, உன் அத்தாவுக்கு நாளைக்கு மறுமையில் என்ன பதில் சொல்வேன் என்று நான் அழுத அழுகையில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது.

ஆனால் கலங்காதே. கன்று பிழைத்துவிட்டது. பிழைத்ததென்ன, ஒரே வாரத்தில் தென்னை உயரம். பழம் கேட்டுச் செண்பகத்தோப்புக் காட்டு யானைகள் வாசலில் வரிசையில் நிற்கின்றன.

மாப்பிள்ளைக்கு என் சலாம். உன் கை தொட்ட மண்ணெல்லாம் அல்லாஹ் பரக்கத்தாக்குவானாக.

இப்படிக்கு,
உன் மாமா ஹமீது

பி.கு.: இதைப் படித்துவிட்டு மாமி திருத்தி எழுதச் சொல்கிறாள். யானை இல்லை. எறும்பு வாசற்படி வரைக்கும்தான். நான் காவல் காத்த குழிகூட உன் குழி இல்லையாம். நீ கிளம்பிய அன்றே அதிலிருந்ததை அள்ளிக் குளியலறைக்குப் பின்னால் புதைத்து, ஓட்டுச் சில்லால் மூடிவிட்டு, இதில் வேறு சருகையும் வாழைத்தோலையும் கொட்டியிருக்கிறாள். "உங்களுக்குத் தோண்ட ஒண்ணு வேணும்ல?" என்கிறாள். போன வாரம் அதைத் திறந்தாள். ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன்: இலையும் இல்லை, சாணமும் இல்லை, மழை வாசம். அதைப் போட்டுத்தான் குச்சியை நட்டாள். மேலே எழுதியதில் கன்று பிழைத்தது மட்டும் உண்மை, ஃபரீதா. இன்று காலை நுனியில் செம்பு நிறத்தில் ஒரு துளிர். பார்த்தேன். தொடவில்லை. இந்த நிமிஷம் வரை தொடவில்லை.