விருந்தாளியைக் கேள்வி கேட்காதீர்கள்

வரவேற்பதற்கு எல்லாம் தயாராக இருந்தது. வரவேற்கப்பட வேண்டிய ஆள்தான் வந்து சேரவில்லை.

கல்லூரியின் தரைத்தளத்தில், அலுவலகத்துக்கும் துடைப்பம் வைக்கும் அறைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த அந்தச் சின்ன அறையில், பலூன்கள் ஒவ்வொன்றாகக் காற்றுப் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. வாசலில் 'நீங்களும் நம்மவர்தான்' என்று எழுதிய துணியின் ஒரு முனை அவிழ்ந்து தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸு கிடைச்சிருக்காது," என்றான் மைக். கழுத்தில் தொங்கும் ஒலிபெருக்கியைக் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டான் என்று பேச்சு. அதனால் அந்தப் பெயர்.

"வாசல் வரைக்கும் வந்துட்டு, உன் குரலக் கேட்டுத் திரும்பிப் போயிருப்பாங்க," என்றாள் கண்ணீர்க்குடம். அவள் கல்லூரி வரவேற்புக் குழுவின் செயலாளர். விளம்பரப் பலகையைப் படித்தாலும் அழுவாள்.

"கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருங்க ரெண்டு பேரும்," என்றாள் தலைவி. அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்காமல் என்ன செய்வாள்? அந்தக் குழுவே அவள் பெற்றெடுத்த பிள்ளை. வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வருகிறவர்கள், தூரத்து ஊர்க்காரர்கள், வசதி இல்லாதவர்கள், வேறு மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள் என்று கல்லூரிக்கு விண்ணப்பித்தவர்களைச் சேருவதற்கு முன்பே ஒருநாள் வரவழைத்து, சுற்றிக் காட்டி, 'இது உங்க இடமும்தான்' என்று நம்ப வைப்பது அதன் வேலை. இதுவரை ஒருத்தரும் நம்பவில்லை. முதல்வர் மேடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு வர்ற ஆள் எங்கிட்ட வந்து, இங்க இருக்கப் பிடிச்சிருக்குன்னு வாயத் தொறந்து சொல்லணும். இல்லன்னா குழுவக் கலைச்சிடறேன். செஸ் ஆடுற பசங்க ரூம் இல்லாம படிக்கட்டுல உக்காந்து ஆடுறாங்க."

செஸ் ஆடுகிறவர்களுக்குப் படிக்கட்டாவது இருந்தது. தலைவிக்கு இந்த அறையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அவள் அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். சேர்ந்த புதிதில், உணவகத்தில் எந்த மேசையில் உட்காரலாம் என்று தெரியாமல், ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிட்டவள் அவள். ஜெனரேட்டரோடு பேசிப் பேசி, அதன் இருமலை வைத்தே அதற்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு நெருக்கமாகிவிட்டாள். வகுப்பில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க அப்போது தைரியம் இல்லை. குழு ஆரம்பித்த பிறகு தைரியம் வந்துவிட்டது, பார்க்கத்தான் நேரமில்லை. அந்தப் பெரிய கட்டடத்தில் அவளுக்கென்று இருந்தது இந்த அறையின் ஒரு நாற்காலி. அது போனால் மறுபடியும் ஜெனரேட்டர்தான்.

போன வருஷம் நடந்ததை நினைத்தாலே அவளுக்குக் குளிர் எடுக்கும். வந்திருந்த பையன் மேல் குழுவினருக்கு அன்பு பொங்கிவிட்டது. ஒருத்தர் பாக்கி இல்லாமல் அவனைச் சூழ்ந்துகொண்டு, "எந்த ஊரு, அப்பா என்ன பண்றாரு, அம்மா என்ன பண்றாங்க, வீடு சொந்தமா," என்று பாசத்தைக் கொட்டினார்கள். பையன் பாத்ரூம் எங்கே என்று கேட்டான். போனவன் ஜன்னல் வழியாகக் குதித்து, மதிலைத் தாண்டி, ஓடுகிற பஸ்ஸில் ஏறிவிட்டான். இன்றைக்கும் வேறெங்கோ ஒரு கல்லூரியில், யாராவது 'அப்பா' என்று ஆரம்பித்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறானாம்.

அதிலிருந்து தலைவி ஒரு விதி போட்டாள். விருந்தாளியைக் கேள்வி கேட்கக் கூடாது. பெயரைக்கூட. அவர்களாகப் பேச ஆரம்பித்துத் தடுமாறினால், அந்தச் சங்கடத்திலிருந்து காப்பாற்ற நாமே முந்திக்கொண்டு பேசிவிட வேண்டும். அலுவலகத்திடமும் கறாராகச் சொல்லிவிட்டாள்: "பேரு, ஊரு, மார்க்கு எதுவும் எங்களுக்கு வேணாம். ஆள் வந்தா போதும்."

ஆள் வந்தது.

வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவிழ்ந்த துணியை மிதிக்காமல் ஓரமாக. நெடுநேரமாக நிற்கிறாள் போலிருந்தது. தலைவியின் முகத்தையே பார்த்தாள்.

"நான் வந்து..."

"தெரியும் தெரியும்," என்று பாய்ந்தாள் தலைவி. "ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க யாரா இருந்தாலும் நம்மவங்கதான்."

அதற்குள் கண்ணீர்க்குடம் 'விருந்தாளி' என்ற பட்டையை அந்தப் பெண்ணின் தோளில் ஒட்டிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"இல்ல, நீ என்ன..."

தலைவிக்குப் புல்லரித்தது. வந்து நின்ற உடனே 'நீ' என்கிறாள். இதுவல்லவா ஒட்டுதல். "அப்படியே கூப்பிடுங்க. மரியாதையெல்லாம் வேணாம். வாங்க, சுத்திப் பாக்கலாம்."

அந்தப் பெண் இன்னும் ஒரு முறை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு எதையோ விட்டுக்கொடுத்த மாதிரி நடந்தாள்.

நடைபாதையில் சிக்கல் ஆரம்பமானது. மைக் முன்னால் போய்க்கொண்டே, "வழி விடுங்க, வழி விடுங்க. பின்தங்கிய சூழ்நிலையிலேருந்து நம்மள நம்பி ஒருத்தங்க வந்திருக்காங்க," என்று மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தான். வகுப்பறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மேல்மாடிக் கைப்பிடிச் சுவரில் ஆட்கள் வரிசையாக முளைத்தார்கள்.

தலைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டேய், எல்லாரும் வேடிக்கை பாக்குறாங்கடா. அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

"அவ்வளவுதானே, நான் பாத்துக்கறேன்," என்ற மைக், ஒலிபெருக்கியை இன்னும் கொஞ்சம் கூட்டினான். "அன்பான மாணவர்களே, தயவுசெய்து யாரும் அந்தப் பச்சைச் சட்டைப் பெண்ணைப் பார்க்காதீர்கள்."

அதுவரை பார்க்காதவர்களும் பார்த்தார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயோடு திரும்பியதில் கணிதத் துறை முழுசாக நனைந்தது.

"நிறுத்துடா. சும்மா சாதாரணமா இருக்கச் சொல்லு அவங்கள."

"சாதாரணமாக இருங்கள். திரும்பிக்கொள்ளுங்கள்."

நடைபாதையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார்கள். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து பிடிபட்ட ஒரு ஊரே அங்கே நிற்கிற மாதிரி இருந்தது. அத்தனை முதுகுகளுக்கும் நடுவில் அந்தப் பெண் தலைகுனிந்து நடந்தாள்.

"பாத்தீங்களா, எவ்வளவு மரியாதை," என்றாள் தலைவி. சொல்லும்போதே அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஆனால் நூலகத்தில் அவளுக்கு நம்பிக்கை திரும்பியது. அந்தக் கதவைத் திறக்கப் புதிதாக வருகிறவர்கள் அரைமணி நேரம் போராடுவார்கள். ஒரு பேராசிரியர் அந்தக் கதவோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்றார். அந்தப் பெண்ணோ இடுப்பால் ஒரு இடி இடித்தாள், கதவு திறந்துகொண்டது. உள்ளே கூரை ஒழுகும் இடத்தைப் பார்க்காமலே ஒதுங்கி நடந்தாள்.

தலைவி கண்ணீர்க்குடத்தின் காதில் கிசுகிசுத்தாள். "வந்து இன்னும் அரை மணி நேரம் ஆகல. சொந்த வீடு மாதிரி ஆயிடுச்சு பாரு அவங்களுக்கு. எல்லாம் நம்ம விதிதான். கேள்வி கேட்டிருந்தா இப்படி இருப்பாங்களா?"

கண்ணீர்க்குடம் ஆனந்தத்தில் அழுதாள்.

உணவகத்தில் அடுத்த கூத்து. விருந்தாளி தனியாகச் சாப்பிடக் கூடாது என்பது தலைவியின் உயிர்க்கொள்கை. ஜெனரேட்டர் காலத்தில் எடுத்த சபதம். அதனால் ஒரு மேசைக்குப் பதில் மூன்று மேசைகளை இழுத்துப் போட்டு, குழுவில் இருந்தவர்கள், இல்லாதவர்கள், வழியில் மாட்டியவர்கள் எல்லோரையும் அந்தப் பெண்ணைச் சுற்றி உட்கார வைத்தாள். கேள்வி கேட்கக் கூடாது. எனவே யாருக்கும் பேச ஒன்றும் இல்லை. எல்லோரும் அவள் ரொட்டித் துண்டைக் கடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மெல்லும் சத்தம் சமையலறை வரை கேட்டது. அவள் மெல்லுவதை நிறுத்தினாள். விழுங்குவதற்குத் தண்ணீரை எடுத்தாள். எல்லார் கண்களும் தம்ளரோடு மேலே போய்க் கீழே வந்தன.

"ஏதாவது பேசுங்களேன்," என்று பல்லைக் கடித்தாள் தலைவி. "நம்ம கஷ்டத்தச் சொல்லுங்க. நாமளும் அவங்களும் ஒண்ணுதான்னு தெரியட்டும்."

மைக் தொண்டையைச் செருமினான். "சொன்னா நம்பமாட்டீங்க. பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் என் ரூம்ல ஏசி கிடையாது. ஹால்ல வந்துதான் படுப்பேன்."

மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு ஓடியது. அது தொற்றிக்கொண்டது. ஒருத்தன், வீட்டில் ஒரே ஒரு கார்தான் என்பதால் சில நாள் மழையில் நடந்து வர நேர்ந்ததைச் சொன்னான். இன்னொருத்தி, வெளிநாட்டுப் பயணத்தில் அவள் பெட்டி மட்டும் வராமல் போனதை விவரித்தாள். கண்ணீர்க்குடம் சொல்ல ஆரம்பித்தது என்ன என்று கடைசிவரை யாருக்கும் புரியவில்லை. மேசையில் கவிழ்ந்து குலுங்கினாள். அவளைத் தேற்றியது விருந்தாளிதான். முதுகைத் தடவி, காகிதக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்து, "சரி சரி, விடு," என்றாள். பிறகு எழுந்து போய், டீ மெஷினின் பக்கவாட்டில் சரியான இடத்தில் ஒரு குத்து விட்டு, டீ பிடித்துக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினாள்.

"எவ்வளவு உரிமை பாருங்க," என்றாள் தலைவி பூரித்துப்போய்.

அந்தப் பெண் அவள் எதிரில் வந்து நின்றாள். "ஒண்ணு சொல்லட்டுமா?"

அவள் குரல் நடுங்கியது. தடுமாறுகிறாள். விதி விழித்துக்கொண்டது.

"நீங்க சங்கடப்படவே வேணாம்," என்றாள் தலைவி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "எனக்கு எல்லாம் புரியுது. உங்களப் பாத்தா என்னப் பாக்குற மாதிரியே இருக்கு. நானும் இங்க வந்தப்போ ஒரு நாதி கிடையாது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், திரும்பிப் பாத்து நீ யாருன்னு கேட்டிருந்தா போதும்னு ஏங்கியிருக்கேன்."

"கேக்கலையா?"

"கேக்கல. அதனாலதான் இந்தக் குழுவே."

அந்தப் பெண் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான். தலைவிக்கு ஏனோ அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனால் ஆராய நேரமில்லை. முதல்வர் மேடம் அறைக்கு வந்துவிட்டார் என்று மைக் கட்டடம் முழுவதற்கும் அறிவித்துக்கொண்டிருந்தான்.

அறையில் மேடம் தலைவியின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். செஸ் பையன்கள் இரண்டு பேர் பலகையோடு வாசலில் வந்து நின்று, சுவர்களைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்கள்.

"சொல்லும்மா," என்றார் மேடம் விருந்தாளியிடம். மேடத்துக்குக் குழுவின் விதி எதுவும் தெரியாது. "எப்படி இருந்துச்சு இன்னைக்கு?"

தலைவி நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள். "இவ்வளவு நேரம் எங்கிட்ட யாரும் பேசினதில்ல மேடம். சாப்பிடும்போது பக்கத்துல ஆள் இருந்தாங்க. அது நல்லா இருந்துச்சு."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணீர்க்குடம் உடைந்தது.

"இருக்கப் பிடிச்சிருக்கா இங்க?"

அந்தப் பெண் தலைவியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "போயிடலாம்னுதான் காலைல நெனச்சேன். பாவம், இவங்களுக்கு இந்த ரூம் வேணும்னு தெரியுது. இருக்கேன் மேடம்."

கைதட்டலில், காற்றுப் போகாமல் மிச்சம் இருந்த பலூன் ஒன்று பயந்து வெடித்தது. செஸ் பையன்கள் பலகையை மடக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார்கள். மேடம் எழுந்து நாற்காலியைத் தலைவி பக்கம் நகர்த்திவிட்டார். "வருஷா வருஷம் நடத்தும்மா. இது மாதிரி மனசு எல்லாருக்கும் வராது."

தலைவி உட்கார்ந்தாள். உலகத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி, இனி யாரும் பிடுங்க முடியாதது.

அப்போதுதான் அவளுடைய வகுப்பாசிரியர் மூச்சிரைக்க ஓடி வந்தார். விருந்தாளியைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "அப்பாடா, போகலையா நீ," என்றார். பிறகு தலைவியிடம் திரும்பினார். நன்றியோடு கையெடுத்துக் கும்பிட்டார்.

"காலைல இந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து, இங்க எனக்குன்னு ஒருத்தர்கூட இல்ல சார், படிப்ப விட்டுட்டுப் போறேன்னு நின்னாம்மா, நான்தான் சொன்னேன், ரெண்டு வருஷமா உன்கூட ஒரே வகுப்புல படிக்கிறவ கீழ ஒரு குழு நடத்துறா, நீ ஒண்ணும் விளக்கிச் சொல்ல வேணாம், போய் அவ முன்னாடி நில்லு, பாத்ததுமே தெரிஞ்சுக்குவான்னு."